நான் கட்டிய அறையும் பேத்தி திறக்காத வாயும்

பள்ளிக்கூடத்தில் நான் கட்டிக்கொடுத்த அறைக்கு முதல் இரண்டு மாதத்தில் ஒரே ஒரு பிள்ளைதான் வந்தது. அதுவும் மின்விசிறிக் காற்று வாங்க வந்த ஏழாம் வகுப்புப் பிள்ளை. புது மேசை, புது நாற்காலி. சுவருக்கு வெளிர்பச்சை பூசும்போது நானே பக்கத்தில் நின்று இரண்டு தடவை கலவையை மாற்றச் சொன்னேன். இம்புட்டும் செய்துவைத்தால் ஒருத்தியும் வரமாட்டேன் என்கிறாள். எனக்கு எப்படி இருந்திருக்கும்?

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பள்ளிப் படிப்பு எனக்கு மூன்றாம் வகுப்போடு சரி. அதற்குப் பிறகு டீக்கடைச் செய்தித்தாளை எழுத்துக்கூட்டிப் படித்தே எழுதவும் கற்றுக்கொண்டேன். அய்யலூர் சந்தையில் மற்றவர்களின் ஆட்டுக்குக் கயிறு பிடித்து நின்றவன் நான். இன்றைக்குத் திண்டுக்கல்லில் எத்தனையோ பிரியாணிக் கடைக்காரர்கள் காலையில் முதல் போனை எனக்குத்தான் போடுகிறார்கள். கிடாயின் இடுப்பில் கை வைத்தால் எவ்வளவு கறி தேறும் என்று சொல்லிவிடுவேன். தராசு தப்பினாலும் தப்பும், என் கை தப்பாது. நாகல் நகரில் சொந்த வீடு. மகன் பட்டதாரி. பேத்தி கன்னியாஸ்திரிகள் நடத்தும் பெண்கள் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பு. அந்தப் பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவரும் நான்தான். போட்டியே இல்லாமல் வந்த பதவி, அதையும் சொல்லிவிடுகிறேன்.

போன வருடம் ஜூன் மாதக் கூட்டத்தில்தான் இந்தத் தலைவலி ஆரம்பித்தது. தலைமை ஆசிரியையான சிஸ்டர், பிள்ளைகளின் மனநலத்தைப் பார்க்க ஒரு கவுன்சலர் டீச்சர் வந்திருப்பதாகச் சொன்னார். ஒட்டன்சத்திரத்துப் பக்கத்துப் பெண். மெலிந்த உடம்பு, மெதுவான பேச்சு. இன்னும் சில பள்ளிகளையும் பார்க்க வேண்டியிருப்பதால் செவ்வாயும் வெள்ளியும்தான் இங்கே வர முடியும். பள்ளியிலோ பிள்ளைகள் சந்தைக் கூட்டம் போல இருக்கிறார்கள். அதனால் பதினொன்றாம் வகுப்பில் பன்னிரண்டு பேரைப் பொறுக்கிப் பயிற்சி கொடுக்கப்போகிறார்களாம். கூடப் படிக்கும் பிள்ளைகளுக்கு மனசில் ஏதாவது இருந்தால் முதலில் இந்தப் பன்னிரண்டு பேர் கேட்டுக்கொள்வார்களாம். பெரிய விஷயமாகப் பட்டால் டீச்சரிடம் கூட்டிக்கொண்டு போவார்களாம்.

நான் எழுந்தேன். "பதினாறு வயசுப் பிள்ளைக பதினஞ்சு வயசுப் பிள்ளைகளுக்கு என்னத்தத் தாயி புத்தி சொல்லும்?"

"புத்தி சொல்லக் கூடாதுன்னுதானுங்க பயிற்சியே," என்றார் டீச்சர்.

நான் உட்கார்ந்துவிட்டேன். புத்தி சொல்லாமல் இருக்கவும் ஒரு பயிற்சியா?

அந்தப் பன்னிரண்டு பேரில் என் பேத்தியும் ஒருத்தி. அதனால் தலைவர் என்ற முறையில் முதல் நாள் பயிற்சிக்குப் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தேன். மூன்று மூன்று பேராகப் பிரித்தார்கள். ஒருத்தி தன் குறையைச் சொல்வாள், ஒருத்தி கேட்பாள், மூன்றாமவள் கேட்பவளைக் கவனிப்பாள். 'நானா இருந்தா' என்று ஆரம்பிக்கக் கூடாது, 'இதெல்லாம் ஒரு விஷயமா' என்று தள்ளக் கூடாது, குறுக்கே பேசக் கூடாது. கேட்டதை வெளியில் எவரிடமும் சொல்லக் கூடாது. யாருடைய உயிருக்கோ உடம்புக்கோ ஆபத்து என்று பட்டால் மட்டும் அன்றைக்கே டீச்சரிடம் சொல்ல வேண்டும். அதையும் சம்பந்தப்பட்ட பிள்ளையிடம் சொல்லிவிட்டுத்தான் சொல்ல வேண்டும்.

என் பக்கத்தில் இருந்த ஒரு பிள்ளை, அம்மா எப்போது பார்த்தாலும் அக்காவோடு ஒப்பிட்டுத் திட்டுவதாகச் சொல்லிக்கொண்டிருந்தது. கண் கலங்கிவிட்டது. கேட்கிறவளோ தலையை ஆட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. "அம்மா நல்லதுக்குத்தான் சொல்லும். கண்ணத் தொடச்சுட்டு ஒழுங்காப் படி, எல்லாஞ் சரியாப் போகும்," என்றேன். அந்தப் பிள்ளை சரி என்று தலையாட்டிவிட்டு நகத்தைப் பார்க்க ஆரம்பித்தது.

டீச்சர் பக்கத்தில் வந்தார். "அய்யா, இப்ப என்ன நடந்ததுன்னு பாத்தீங்களா?"

"புத்தி சொன்னேன். கேட்டுக்கிருச்சு."

"பேச்ச நிறுத்திருச்சுங்க."

"பிரச்சனை தீந்துபோச்சு, நிறுத்திருச்சு."

பன்னிரண்டு பிள்ளைகளும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். என் பேத்தி மட்டும் சிரிக்காமல் ஜன்னலைப் பார்த்தாள். அதுதான் எனக்கு உறைத்தது.

வீட்டிலும் நிம்மதி போயிற்று. பேத்தி அந்தப் பயிற்சியை என்னை வைத்துப் பழகிப்பார்த்தாள். ஒரு நாள் கடைக்காரன் ஒருவன் என்னைக் கேட்காமல் வேறு ஆளிடம் ஆடு எடுத்துவிட்டான். நான் கத்திக்கொண்டிருக்கிறேன், இவள் எதிரே வந்து உட்கார்ந்து நிதானமாகச் சொல்கிறாள்: "தாத்தா, அவுக உங்ககிட்ட ஒரு வார்த்த கேக்கலங்கிறதுதான் உங்களுக்கு வருத்தம். ஆடு போனது இல்ல."

"நாஞ் சொன்னதையே எனக்குத் திருப்பிச் சொல்றதுக்கா இம்புட்டுப் பயிற்சி? கிளிக்குக் கத்துக்குடுத்தாலும் சொல்லுமே!"

சொன்னேனே தவிர, அதற்குப் பிறகு அரைமணி நேரம் அந்தக் கடைக்காரனோடு எனக்கிருந்த பழக்கத்தையெல்லாம் அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். இட்லி ஆறிப்போய்விட்டது என்று மருமகள் வந்து திட்டிய பிறகுதான் எழுந்தேன்.

இனி அந்த அறை. பிள்ளைகள் பேச இடமில்லை என்று சிஸ்டர் சொன்னதும், பள்ளி வாசலுக்கு நேராக, எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில் கட்டிக்கொடுத்தேன். டவுன் பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள்கூடப் படிக்கும்படி 'மாணவியர் மனக்குறை தீர்க்கும் அறை' என்று பலகை மாட்டினேன். அதன் கீழே, அதைவிடக் கொஞ்சம் பெரிய எழுத்தில் என் பெயர். உள்ளே நுழைந்ததும் ஒரு நோட்டு. பெயர், வகுப்பு, வந்த காரணம் என்று மூன்று கட்டம் போட்டேன். என் பட்டிக்குள் ஒரு குட்டி வந்தாலும் போனாலும் எழுதி வைக்கிறவன் நான். பிள்ளைகளுக்கு அந்த ஒழுங்கு வேண்டாமா? காற்று வாங்க வந்தாளே, அந்த ஏழாம் வகுப்புப் பிள்ளை மட்டும் காரணம் என்ற கட்டத்தில் 'வேர்க்குது' என்று எழுதியிருந்தாள். அத்தோடு சரி. மற்றப் பக்கமெல்லாம் வெள்ளை.

"அப்ப நீங்க பன்னெண்டு பேரும் எங்கதான் பேசுறீக?" என்று பேத்தியைக் கேட்டேன்.

"டிபன் பாக்ஸ் கழுவுற குழாயடியில தாத்தா."

"சேத்துலயா? அறையில விசிறி ஓடுது, நாற்காலி கெடக்குது!"

"குழாயடியில ரெண்டு பேரு நின்னா யாரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க. உங்க அறைக்குள்ள போனா பஸ் ஸ்டாப்பே பாக்கும்."

வேலை மெனக்கெட்டுக் கட்டியவனுக்குக் கிடைத்த மரியாதை இது.

இப்படி இருக்கும்போதுதான், அரையாண்டுத் தேர்வு முடிந்து பள்ளி திறந்த வாரத்தில், என் கூட்டாளி வீடு தேடி வந்தான். அய்யலூருக்குப் பக்கத்துக் கிராமம். அவனும் ஆட்டு வியாபாரிதான். இருபது வருடமாக என்னை அண்ணன் என்று கூப்பிடுகிறவன். அவன் மகள் அதே பள்ளியில் பத்தாம் வகுப்பு. நான் சொல்லித்தான் அங்கே சேர்த்தான். காபியைக் கையில் வாங்கினான், குடிக்கவில்லை.

"அண்ணே, பிள்ள ஒரு மாசமா சரியா சாப்புடல. வீட்டுக்கு வந்தா ஒரு பேச்சு இல்ல. எதக் கேட்டாலும் ஒண்ணுமில்லங்குது. நேத்து பள்ளிக்கூடத்துல குழாயடியில நின்னு உன் பேத்திகிட்ட அழுதுச்சாம். பாத்தவுக சொன்னாக."

"அழுதா நல்லதுதானப்பா, மனசு பாரம் எறங்கும்," என்றேன். பயிற்சியில் கேட்டது எப்படியோ என் வாயில் வந்துவிட்டது.

"எனக்கு நல்லதாப் படல. வயசு அப்பிடி. நாளைக்கு ஊரு ஒண்ணு பேசுறதுக்கு முன்னாடி நாந் தெரிஞ்சுக்கணும். உன் பேத்திகிட்டக் கேட்டுச் சொல்லுண்ணே. இல்லேன்னா இந்த மாசத்தோட பள்ளிக்கூடத்த நிறுத்திட்டு அவ சித்தி வேல பாக்குற மில்லுலயே சேத்துவிட்டுருவேன். பரீட்சயும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. அவன் மூத்த மகளை ஒன்பதாவதோடு நிறுத்தியவன். சொன்னால் செய்துவிடுவான்.

"இதுக்கா இம்புட்டுத் தூரம் வந்த? என் பேத்திதான. வியாழக்கிழம சந்தையில வச்சு உனக்குச் சொல்றேன், போ," என்று அனுப்பிவைத்தேன். என் வீட்டில் நான் கேட்டு ஒரு பதில் வராமல் போனதில்லை.

வரவில்லை.

முதலில் சாதாரணமாகக் கேட்டேன். "அத நான் சொல்லக் கூடாது தாத்தா," என்றாள். அதட்டினேன். தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். மறுநாள் அவளுக்குப் பிடித்த சீரகச் சம்பா பிரியாணி வாங்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்தேன். சாப்பிட்டாள், எலும்பையும் விடவில்லை. கையைக் கழுவிவிட்டு, "நல்லா இருந்துச்சு தாத்தா. ஆனா சொல்ல மாட்டேன்," என்றாள்.

"ஏத்தா, நீ சொல்லலேன்னா அந்தப் பிள்ள படிப்பு போகுது. அவ அப்பன் மில்லுக்கு அனுப்பப்போறான். தெரியுமா?"

அப்போது அவள் முகம் மாறியது. பயந்துவிட்டாள். "நாஞ் சொல்லிட்டேன்னு தெரிஞ்சா அவ இனிமே யார்கிட்டயும் எதுவும் சொல்ல மாட்டா தாத்தா. அது அதவிட மோசம்," என்றாள். அப்போதும் விஷயத்தைச் சொல்ல மட்டும் வாய் திறக்கவில்லை.

வியாழக்கிழமைக்குள் பதில் வேண்டுமே என்று செவ்வாய்க்கிழமை டீச்சரைப் பிடித்தேன்.

"உங்க பேத்தி வெள்ளிக்கிழமையே அந்தப் பிள்ளையச் சம்மதிக்க வச்சு எங்கிட்டக் கூட்டியாந்துருச்சுங்க," என்றார். "நான் பேசிட்டுதான் இருக்கேன். ஆபத்தான விஷயமா இருந்தா அவங்க அப்பாவ அன்னிக்கே கூப்பிட்டிருப்பேன். அவங்க அப்பாகிட்ட எப்பிடிச் சொல்றதுன்னு அந்தப் பிள்ளையே யோசிச்சுட்டு இருக்குதுங்க. கொஞ்சம் நாள் வேணும்."

"என்ன விஷயம்னு எனக்கு மட்டும் சொல்லுங்க. நான் தலைவர்."

"தலைவருக்கும் இல்லீங்க."

கோபத்தில் வீட்டுக்கு வந்து, "இந்தக் கூத்தெல்லாம் வேணாம், அறையப் பூட்டிச் சாவிய நான் எடுத்துட்டு வரப்போறேன். நான் கட்டுன அறை," என்று சத்தம் போட்டேன்.

"பூட்டிக்கங்க தாத்தா," என்றாள் பேத்தி. "அங்கதான் யாருமே வர்றதில்லயே."

இதற்கு மேல் ஒரு மனுசன் என்னதான் செய்வான்?

வியாழக்கிழமை வெளுக்கும்போது அய்யலூரில் நின்றேன். கையில் பதில் இல்லாமல் நான் சந்தைக்குப் போனது அதுதான் முதல் தடவை. கூட்டாளியைத் தேடாமல் என் வேலையைப் பார்ப்போம் என்று ஒரு ஜோடிக் கிடாயைப் பிடித்தேன். இப்போதெல்லாம் பலர் வாயால்தான் விலை பேசுகிறார்கள். நாங்கள் கொஞ்சம் பேர் இன்னும் துண்டைப் போட்டுத்தான் பேசுவோம். விற்கிறவன் கையும் வாங்குகிறவன் கையும் துண்டுக்கடியில் இருக்கும். விரலைப் பிடித்தால் விலை. மேலே முகத்தில் ஒன்றும் தெரியாது. அந்த இரண்டு கையைத் தவிர எவனுக்கும் தெரியாது.

முடிந்து கையை எடுத்ததும், பக்கத்தில் நின்ற ஒரு புது வியாபாரி, "என்ன வெலைக்குப்பா முடிஞ்சுச்சு?" என்று கேட்டுவிட்டான்.

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ! "துண்டுக்குள்ள பேசுனத வெளிய கேக்குற? நீயெல்லாம் சந்தைக்கு வந்துட்ட! யாரும் உனக்கு இத முன்னப்பின்னச் சொல்லித் தரலயா?"

முதுகுக்குப் பின்னால் சிரிப்புச் சத்தம். திரும்பினால் என் கூட்டாளி. "விடுண்ணே, புதுசு, தெரியாமக் கேட்டுட்டான்," என்றான். பிறகு அவன் சிரிப்பு போய்விட்டது. "என் விஷயம் என்னாச்சு? கேட்டியா?"

நான் துண்டை உதறிக்கொண்டே நின்றேன். அவன் முகத்தைப் பார்க்கிறேன், அந்தப் புது வியாபாரி தலையைக் குனிந்துகொண்டு போவதையும் பார்க்கிறேன். எனக்கு யார்மீது எரிச்சல் என்றே தெரியவில்லை. அநேகமாக என்மேல்தான்.

"கேட்டேன். சொல்ல மாட்டேங்குறா."

"உன் பேத்தி, உனக்கே சொல்ல மாட்டேங்குறாளா?"

"எனக்கேதான். இப்ப ஒருத்தனத் திட்டி அனுப்புனேன்ல, எதுக்குத் திட்டுனேன்?"

"அது ஆடு, யாவாரம். இது என் பிள்ளண்ணே!"

"ஆட்டுக்கே அம்புட்டுக் கட்டுப்பாடு வச்சிருக்கோம். பிள்ளைக்கு வேணாமா?"

இப்படிச் சொல்ல வேண்டும் என்று யோசித்து வரவில்லை. சொன்ன பிறகு, என் பேத்தி பக்கம் நின்று பேசிவிட்டேனே என்று எனக்கே எரிச்சலாக இருந்தது. அவனுக்கும் கோபம் ஏறிவிட்டது. பெரிய மனுசன் என்ற திமிர் என்றான். உன் பள்ளிக்கூடமும் வேண்டாம், உன் அறையும் வேண்டாம் என்றான். ஆட்டுக்காரர்கள் கூடிவிட்டார்கள். நான் துண்டை விரித்து அவன் முன்னால் பிடித்தேன்.

"கையக் குடு."

"எதுக்கு?"

"அந்தப் பிள்ள பள்ளிக்கூடம் போக நாள் கேக்குறேன். வெல சொல்லு."

கொஞ்ச நேரம் என்னை முறைத்தான். பிறகு கையை உள்ளே விட்டான். ஒரு விரலைக் கொடுத்தான், ஒரு மாதம். நான் அதைத் தள்ளிவிட்டு முழுக் கையையும் பிடித்தேன். அவன் உதறினான். மறுபடியும் பிடித்தேன். மேலே மீசையை முறுக்கிக்கொண்டு நின்றவனுடைய கை உள்ளே குளிர்ந்துபோய் நடுங்கிக்கொண்டிருந்தது. இத்தனை வருடத்தில் எத்தனையோ தடவை அந்தக் கையைப் பிடித்திருக்கிறேன். கிடாய் செத்துப்போய் நட்டப்பட்ட வருடத்தில்கூட அப்படி நடுங்கியதில்லை. அவனுக்கு இருந்தது கோபம் இல்லை, பயம். அதை அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

கடைசியில் முடிந்தது. எத்தனை விரலில் முடிந்தது என்று எழுத மாட்டேன், துண்டுக்குள் பேசியது. பரீட்சை முடியும்வரைக்கும் காணும் என்று மட்டும் சொல்கிறேன். "இடையில கேட்டு அதத் தொந்தரவு பண்ணக் கூடாது. சோறு வச்சா பக்கத்துல உக்காரு, பேசுனா கேளு. புத்தி சொல்லாத," என்றேன். "நீயா இதச் சொல்ற?" என்றான். நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு அறையில் ஒரு மாற்றம் செய்தோம். சிஸ்டர் ரொம்பப் பதமாகக் கேட்டார், பலகையை எடுத்துவிடலாமா என்று. என் பெயரை எடுக்க நான் சம்மதிக்கவில்லை. மேல்வரியை மட்டும் அழிக்கச் சொன்னேன். நோட்டையும் வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன். இப்போது பலகையில் என் பெயர் மட்டும் இருக்கிறது. அது ஏதோ என் அலுவலகம் என்றோ பழைய சாமான் போடும் இடம் என்றோ பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் நினைக்கிறார்களாம். அதனால் பிள்ளைகள் தைரியமாகப் போகிறார்களாம். நாற்காலி பத்தவில்லை என்று பேத்தி கேட்டாள். வாங்கிப் போட்டேன், வேறு என்ன செய்ய?

அந்தப் பிள்ளை பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதியது. எல்லாத் தாளும் எழுதியது. கடைசித் தாள் முடிந்த அடுத்த வியாழக்கிழமை, சந்தையில் கூட்டாளி எதிரே வந்தான். முகம் தெளிவாக இருந்தது.

"சொல்லிருச்சுண்ணே. அதுவே சொல்லிருச்சு. நான் சாப்பிட்டுட்டு இருந்தேன், தொட்டுக்க வெஞ்சனத்தக் கொண்டாந்து வச்சிட்டுப் பக்கத்துல உக்காந்துச்சு. நான் ஒண்ணுமே கேக்கல, நீ சொன்னியே, அதே மாதிரி சும்மா இருந்தேன். ரொம்ப நேரங் கழிச்சு ஆரம்பிச்சுச்சு."

"என்ன சொன்னுச்சு?"

"அட, நான் நெனச்சது ஒண்ணுமில்லண்ணே. அம்புட்டு நாளும் நாந்தான் கண்டதையும் நெனச்சுக் கெடந்துருக்கேன். பதினொண்ணு சேக்கப்போறேன்."

"சரி, நல்லது. அது என்னங்கிறேன்?"

அவன் தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறி மறுபடியும் போட்டுக்கொண்டான். "அது எங்களுக்குள்ளண்ணே," என்றான். சொல்லிவிட்டு ஆட்டைப் பார்க்கப் போய்விட்டான்!

நான் சேர்த்த பள்ளிக்கூடம், நான் கட்டிய அறை, நான் பேசி வாங்கிய நாள். அந்தப் பிள்ளைக்குத் தெரியும், பேத்திக்குத் தெரியும், டீச்சருக்குத் தெரியும், இப்போது அவனுக்கும் தெரிந்துவிட்டது. எனக்கு மட்டும்தான் தெரியாது.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் பேத்தியிடம் கத்தினேன். அவள் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு எதிரே வந்து உட்கார்ந்தாள். நான் மூச்சு விட நிறுத்தும்வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"தாத்தா, இம்புட்டும் செஞ்சது நீங்க. ஆனா உங்கள மட்டும் வெளிய நிறுத்திட்ட மாதிரி இருக்கு. இல்ல?"

"ஆமா," என்றேன்.

பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து, காலையில் வண்டி ஏறியதிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.